கோள்சொல்லிக் கம்பி

ப என்ற எழுத்தை
மல்லாக்கப் படுக்கவைத்தது மாதிரி இருந்தது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஜிப்ஸியின் அடியிலிருந்து குணசீலி பேசியதில்
பாதிதான் புரிந்தது.
"இதுதான். இதுதான் கோள்சொல்லி.
வலது சக்கரம் கல்லில் ஏறினா
இடதையும் இழுக்கும், நீயும் ஏறுன்னு."

வண்டியில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது.
இன்ஷூரன்ஸ் அவள், டயர் நான்.
கீறல்களுக்குக் கணக்கு வைத்ததில்லை.

ஹென்னூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளம்.
ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை நாலரை.
பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு
மூன்று போல்ட்டுகள் முனகிக்கொண்டே வந்தன.
நாலாவது வரவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டோம். தட்டினோம்.
அவள் தமிழிலும் நான் கன்னடத்திலும் திட்டினோம்.
காவலுக்கு இருந்த நிங்கப்பா குனிந்து பார்த்தார்,
செருப்புக் காலால் தரையைத் தேய்த்துக் காட்டினார்.
சரிவு.
மழைத்தண்ணீர் ஓட விட்டிருந்த நாலு விரல் சரிவு.
ஒரு பக்கம் பாரம் இருக்கிறவரைக்கும்
கம்பி முறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.
தூணுக்கு அந்தப்புறம், அவளுடைய இடத்துக்குத் தள்ளினோம்.
அங்கே சமதளம்.
போல்ட் விரலாலேயே கழன்றது.

கனகபுரா சாலைக்கு உள்ளே கைவிட்ட கல்குவாரி.
இடது சக்கரம் என் இடுப்பு உயரப் பாறைமேல்,
வலது சேற்றுப் பள்ளத்தில்,
ஒன்றின் சங்கதி மற்றதற்குத் தெரியாமல்.
வெளியே நின்று நான் கையை ஆட்டினேன்:
வலது, வலது, இன்னும், நில்லு.
நாலு சக்கரமும் எதையோ தொட்டுக்கொண்டுதான் இருந்தன.
அவ்வளவு இரும்பு
வாத்து மாதிரி, வெட்கமே இல்லாமல்,
இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தது.
பாறையிலேயே நிறுத்தி அவளும் இறங்கி வந்தாள்.
முட்டை பப்ஸ் தின்றபடி
நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பியைத் திரும்ப மாட்டவில்லை.
அடுத்த வாரம், என்றோம்.
இந்த ஊரில் வளைவில் வேகமாகத் திருப்ப
யாருக்கு வாய்க்கிறது?
சில்க் போர்டில் பத்து கிலோமீட்டர் வேகம்,
ஹெப்பாலில் அதுவும் கிடையாது.
அவுட்டர் ரிங் ரோடு முழுக்க
ஒவ்வொரு சக்கரமும் தன் குழியில் தானே இறங்கி ஏறியது.
டம்ளரில் காப்பி தளும்பவில்லை.
கம்பி என் பால்கனியில் கிடந்தது.
ஈரத்துண்டு போட வாகாக இருந்தது.
ஐந்து மாதம்.

அப்புறம் அவளுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது.
விமான நிலையச் சாலை
மூன்று மணிக்குக் காலியாக இருக்கும் என்பதை
மறந்தே போயிருந்தேன்.
எண்பதில் ஒரு வளைவு.
பஸ்ஸில் தூங்கிப் பக்கத்துத் தோளில் விழுகிற ஆள்போல
ஜிப்ஸி மொத்தமாகச் சாய்ந்தது.
அவள் பெட்டிகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்தன.
அவள் கைப்பிடியைப் பிடித்தாள், நான் ஸ்டியரிங்கை.
இரண்டு பேரும் உடம்பை எதிர்ப்பக்கம் தள்ளினோம்,
அறுபது கிலோவும் ஐம்பத்தெட்டு கிலோவும்
ஒரு டன் இரும்பை நிமிர்த்திவிடும் என்பதுபோல.
நிமிர்ந்தது.
"மாட்டிடு," என்றாள்.
"அடுத்த வாரம்," என்றேன்.
அவள் பாதிக்கு எவ்வளவு என்று
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது நாற்பதில் வந்தேன், இடது ஓரமாக.
தக்காளி லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின.

இன்றைக்கு மாட்டுகிறேன்.
டார்ச்சைக் கவ்வினால் எச்சில் ஒழுகும் என்று
அவள் சொன்னதே இல்லை.
ஒரு முனை ஏறிவிட்டது.
மறுமுனையில் துளை அரை விரல் தள்ளி நிற்கிறது.
தூணுக்கு அந்தப்புறம் யாருடையதோ வெள்ளைக் கார்,
சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
நிங்கப்பா குனிகிறார்.
செருப்புக் காலால் தரையைத் தேய்க்கிறார்.
"ஸ்வல்ப முந்தே," என்கிறார்.